தோட்டத்து வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா 22 வருடம் கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிலோ கழித்ததைப் பற்றிக் கணக்கப்பிள்ளையோடு வாய்த்தகராறு வந்திருக்கிறது. 'அடிக்க வந்தார்' என்று குற்றப்பத்திரம் கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். தொழில் நியாய சபை அம்மாவையும் பக்கத்து நிரையில் நின்ற இரண்டு பெண்களையும் நம்பி, நிலுவைச் சம்பளத்தோடு திரும்ப வேலை கொடுக்கச் சொல்லிக் கட்டளையிட்டது. இப்போது கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு போட்டிருக்கிறது. அம்மா திரும்பவும் சாட்சி சொல்ல வேண்டுமா? கம்பனிக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்கிறார்கள், நாங்களும் யாராவது பெரிய ஆளைப் பிடித்து நீதிபதியிடம் பேச வைக்க வேண்டுமா? அங்கே தோற்றால் அதோடு முடிந்ததா? வேலை இல்லாதவருக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இடமில்லை என்கிறாரே தோட்டத்தை நடத்துகிற துரை, அது சரியா? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் 30 வருடத்துக்கு மேல் தொழிற்சங்கத்தின் சட்டப் பகுதியில் இருந்தவன். தொழில் நியாய சபைகளில் தோட்டத் தொழிலாளருக்காக நின்றிருக்கிறேன். அங்கே சட்டத்தரணிதான் பேச வேண்டும் என்றில்லை, சங்கத்தின் பிரதிநிதியும் ஆஜராகலாம்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா மறுபடி கூண்டில் ஏற வேண்டியதில்லை. யாரையும் பிடிக்க வேண்டாம், பிடிக்கவும் கூடாது. அங்கே தோற்றாலும் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஆனால் தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னைப் பொறுத்தவரை இதில் பெரியது. சபையில் நடந்த வழக்கின் ஏடு, அதாவது சாட்சியமெல்லாம் எழுதப்பட்ட பதிவு, உங்கள் கையில் இருக்கிறதா? அம்மா சொன்னது அதில் சொன்னபடி இருக்கிறதா? மேல் நீதிமன்றத்தில் அம்மாவுக்காகப் பேசப்போவது அந்த ஏடுதான்.

இதை விளக்க மடுவத்தையே எடுத்துக்கொள்வோம். கொழுந்தை நிறுப்பவர் அதைக் கண்ணால் பார்க்கிறார், கையால் அளைந்து பார்க்கிறார். முற்றல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தராசு எங்கே நின்றது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆபீசுக்குப் போவது எழுதின கணக்கு மட்டும். ஆபீசில் இருப்பவர் கூட்டல் பிழையைப் பிடிக்கலாம். 18 கிலோ என்று வந்தது 12 கிலோவாக எழுதப்பட்டிருந்தால், எதை வைத்து ஆறு கிலோ கழித்தீர்கள் என்று கேட்கலாம். ஒரு பக்கமே காணவில்லை என்றால் அதையும் கேட்கலாம். ஆனால் அன்றைக்கு வந்த கொழுந்து முற்றலா தளிரா என்று ஆபீஸ் மேசையிலிருந்து முடிவு செய்ய முடியாது. கொழுந்து எப்போதோ பெக்டரிக்குப் போய்விட்டது. மேன்முறையீட்டு நீதிபதி உட்கார்ந்திருப்பது அந்த மேசையில்தான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தியபோது தொழில் நியாய சபைகள் வந்தன. சபை 'நீதியும் ஒப்புரவுமான' கட்டளையைக் கொடுக்க வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைக் கட்டாது. அப்படிக் கொடுத்த கட்டளை இறுதியானது, சட்டம் பற்றிய கேள்வியில் மட்டுமே மேன்முறையீடு செய்யலாம். முன்பெல்லாம் அந்த மேன்முறையீட்டுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களை உண்டாக்கி, 1990இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் இது மாகாணத்துக்குள் வந்தது. ஹட்டனில் தீர்ந்த வழக்கின் மேன்முறையீட்டை மத்திய மாகாணத்திலேயே கேட்கிறார்கள். லயத்திலிருந்து விடியக்காலை பஸ் ஏறுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சட்டம் பற்றிய கேள்வி என்றால் என்ன? கோடு கீறின மாதிரி அதைப் பிரிக்க முடியாது, சண்டை முழுவதும் அங்கேதான். நமக்கு இரண்டு பழைய தீர்ப்புகள் முக்கியம், இரண்டும் தோட்டத்துறையிலிருந்து வந்தவை. 1977இல் கலிடோனியன் தேயிலை, இறப்பர்த் தோட்டக் கம்பனி வழக்கு. சபை கண்ட உண்மைகளை மேலே உள்ள நீதிமன்றம் சும்மா மாற்றக்கூடாது என்பதும், சாட்சியமே இல்லாமல் அல்லது சாட்சியத்துக்கு நேர்மாறாக ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அது சட்டப் பிழையாகிவிடும் என்பதும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டது. அப்புறம் 1995இல் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான ஜயசூரிய வழக்கு. நீதியரசர் அமரசிங்க எழுதிய அந்தத் தீர்ப்பு, உண்மை பற்றிய முடிவு எப்போதெல்லாம் சட்டக் கேள்வியாக மாறும் என்று வரிசையாகக் காட்டுகிறது. ஆதாரமே இல்லாத முடிவு, ஆதாரத்தோடு மோதுகிற முடிவு, முக்கியமான சாட்சியத்தை அல்லது ஆவணத்தைப் பார்க்காமல் விட்டது, ஆவணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது, தீர்க்க வேண்டிய கேள்வியை விட்டு வேறு கேள்விக்குப் பதில் எழுதியது, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தது. இதில் ஒன்றாவது இருந்தால் மேல் நீதிமன்றம் உள்ளே வரும். இல்லாவிட்டால், அந்த நீதிபதி தானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பார் என்பதற்காக மட்டும் கட்டளையை உடைக்க முடியாது.

சரி, கம்பனியின் மனுவுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் மூன்று காரணங்கள் பெரியவை.

ஒன்று, சபை கணக்கப்பிள்ளையை நம்பாதது பிழை என்பது. இதற்குப் பயப்படாதீர்கள். சாட்சியை நேரில் பார்த்துக் கேட்டவர் யாரை நம்பினார் என்பதை மேல் நீதிமன்றம் இலேசில் தொடாது. 1993இல் அல்விஸ் எதிர் பியசேன பெர்னாண்டோ வழக்கில், நாட்டிலேயே எல்லாவற்றுக்கும் மேலான உயர் நீதிமன்றம் இதைச் சொன்னதிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு மேன்முறையீட்டிலும் அந்த வழக்கை யாராவது எடுத்துக்காட்டுகிறார்கள். உங்கள் பக்கத்தில் மூன்று பேர் ஒரே விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்க வந்தார் என்பதை நிரூபிக்க வேண்டியது கம்பனி. குற்றவியல் வழக்கின் அளவுக்கு அது நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவில் தராசு சாய்ந்தால் போதும். 1975இல் ஒரு பற்றரிக் கம்பனி வழக்கில் அப்படித் தீர்ந்துவிட்டது. அந்தக் குறைந்த அளவைக்கூடச் சபையில் அவர்களால் தாண்ட முடியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். சபையில் நீதிபதி மாதிரி உட்கார்பவரைத் தலைவர் என்போம். சாட்சியம் கேட்ட தலைவரும் கட்டளை எழுதிய தலைவரும் ஒருவரா? தலைவர்களுக்கு மாற்றம் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் சாட்சிகளைக் கேட்டு, அவர் மாறிப்போய், வந்தவர் ஏட்டைப் படித்துக் கட்டளை எழுதியிருந்தால் 'நேரில் பார்த்தவர்' என்ற வாதத்தின் பலம் குறைந்துவிடும். அவரும் ஏட்டைத்தான் படித்தார், மேல் நீதிமன்ற நீதிபதியும் ஏட்டைத்தான் படிக்கிறார் என்று கம்பனியின் சட்டத்தரணி கேட்பார். ஆகவே முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தோட்டத்தில் நடந்த உள்ளக விசாரணையில் அம்மா குற்றவாளி என்று காணப்பட்டதைச் சபை பொருட்படுத்தவில்லை என்பது. இதில் சத்து இல்லை. தொழில் நியாய சபை உள்ளக விசாரணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. அது புதிதாகச் சாட்சியம் கேட்டுத் தானே முடிவு செய்கிற இடம்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. அம்மாவுக்கு முன்பு கொடுத்த இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களைச் சபை கவனிக்கவில்லை என்கிறார்கள். முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமல் விட்டது ஜயசூரிய வழக்கு சொல்கிற சட்டக் கேள்விக்குள் நேராக வந்து விழும். அந்தக் கடிதங்கள் சபையில் சாட்சிய ஆவணங்களாக அடையாளமிடப்பட்டனவா, கட்டளையில் அவற்றைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று உடனே பாருங்கள். 'முந்தைய எச்சரிக்கைகள் வேலைக்குப் பிந்தி வந்ததற்கானவை, இந்தக் குற்றச்சாட்டோடு சம்பந்தமில்லை' என்று ஒரு வரி இருந்தால்கூடப் போதும், பார்த்து ஒதுக்கியதாக ஆகிவிடும். ஒரு வரியும் இல்லை என்றால், அந்தக் கடிதங்கள் இருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று உங்கள் சட்டத்தரணி வாதிடத் தயாராக வேண்டும். கட்டளை முழுவதும் உடையாமல், திரும்ப வேலை என்பது நட்டஈடாக மாறுகிற ஆபத்து இந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு 60 வயது நெருங்குகிறது என்றால் நீதிமன்றமே அந்தப் பக்கம் சாயலாம். அப்படி வந்தால் எவ்வளவு கேட்பது என்று இப்போதே கணக்குப் பாருங்கள். மாதச் சம்பளம், மீதி வேலைக்காலம், சேமலாப நிதியில் விழாமல் போனது எல்லாம் அதில் வர வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முதலாளி மேன்முறையீடு செய்தால் பிணையாகக் காசு கட்ட வேண்டும். கட்டளை பணம் கொடுக்கச் சொன்னால் அந்தத் தொகை, திரும்ப வேலை கொடுக்கச் சொன்னால் 12 மாதச் சம்பளம், இரண்டும் என்றால் இரண்டும். சபைத் தலைவரின் சான்றிதழ் மனுவோடு இருக்க வேண்டும். கட்டளை வந்து 30 நாளுக்குள் மனு போயிருக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் சட்டத்தரணி பார்த்தாரா என்று கேளுங்கள். இதில் பிழை இருந்தால் மற்றக் காரணங்களுக்குப் போகவே தேவையில்லாமல் போகலாம்.

இப்போது ஏட்டைப் பற்றி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மத்திய மாகாணத்தில் நீதிமன்ற மொழி சிங்களம். சாட்சி தமிழில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்வார், தட்டெழுத்தில் ஏறுவது சிங்களம். உயர் நீதிமன்றம் வரைக்கும் போனால் அதுவே ஆங்கிலமாகும். அம்மா வாயிலிருந்து வந்த ஒரு வசனம் இரண்டு முறை உடை மாற்றிக்கொண்டு கடைசி நீதிபதியின் மேசைக்குப் போகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த ஆரம்ப வருடங்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர், துரையின் வழியை மறித்து மிரட்டினார் என்று வேலை நிறுத்தப்பட்டிருந்தார். குறுக்கு விசாரணையில் அவர் சொன்னது எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது: "நான் துரைய மறிச்சுக் கேட்டேங்க, எங்க பேரு ஏன் போடலேன்னு." நம் பக்கத்தில் 'மறித்துக் கேட்டேன்' என்றால் நிறுத்திக் கேட்டேன் என்றுதான் அர்த்தம். கடைக்குப் போகிறவரைக்கூட மறித்துத்தான் பேசுவோம். மொழிபெயர்ப்பாளர் வெளியூர்க்காரர். 'பாதையைத் தடை செய்து கேட்டேன்' என்று பொருள் வருகிற சிங்களச் சொல்லைச் சொன்னார். தட்டெழுத்து ஓடியது. எனக்குச் சிங்களம் தெரியும், நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கேள்விக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததால் அந்தச் சொல் என் காதில் விழவில்லை.

சபை அவருக்கு எதிராகத் தீர்த்தது. இரண்டு வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் எங்கள் சட்டத்தரணி எழுந்து, வழியை மறித்ததாகச் சாட்சியமே இல்லை என்று தொடங்கினார். நீதிபதி ஏட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தை வாசித்தார். தானே ஒப்புக்கொண்டிருக்கிறார், அதைச் சபை நம்பியிருக்கிறது, இதில் சட்டப் பிழை எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் முன்னால் இருந்த ஏட்டை வைத்து வேறு எதுவும் கேட்க முடியாது. மேன்முறையீடு தள்ளுபடியானது. அந்த மனிதர் கடைசிவரை வெளித்தோட்டங்களில் கைக்காசுக்குத்தான் வேலை செய்தார். லயத்துக்குப் போகும்போதெல்லாம் தேத்தண்ணி கொடுப்பார். அந்தச் சொல்லைப் பற்றி நான் அவரிடம் சொன்னபோது, "நீங்க என்னங்க செய்வீங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாட்சியம் முடிந்ததும் எழுந்து, முக்கியமான பதில்களைத் திரும்ப வாசிக்கும்படி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எந்தத் தலைவரும் மறுத்ததில்லை. ஒருவர் மட்டும் முகம் சுளித்தார், ஆனாலும் வாசிக்க வைத்தார். அதே 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறது. சட்டப்படி பெறக்கூடிய ஏட்டின் பகுதியைத் தன் மொழியில் பெறும் உரிமையும் கொடுக்கிறது. நம்மவர் கேட்பதில்லை. கேட்டால் நாள் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் கேட்க வேண்டும்.

இந்த இடத்திலிருந்துதான், பெரிய ஆளைப் பிடிப்பது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வருகிறது. கீழே உள்ள சபை கண்ட உண்மையை மேலே இலேசில் மாற்ற முடியாது என்றால், கீழே உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் கட்டுப்படாதவராக இருந்தாக வேண்டும். நீதித்துறைச் சுதந்திரம் என்றதும் எல்லோரும் உயர் நீதிமன்றத்தையே பார்க்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் பிழைப்பை ஏறக்குறைய கடைசியாகத் தீர்மானிப்பவர் ஒரு சின்ன ஊரில், தகரக்கூரைக்குக் கீழே, மழைச் சத்தத்தில் சாட்சியம் கேட்கிற அந்தத் தலைவர்தான்.

அவரை யார் நியமிப்பது என்பதிலேயே ஒரு காலம் பெரிய சண்டை நடந்தது. நீதி அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர் நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்பட வேண்டும், இவர்கள் அப்படி நியமிக்கப்படவில்லையே என்று 1966இல் வாக்கர் சன்ஸ் வழக்கில் நம் உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் தேவநாயகம் வழக்கில், அன்றைக்கு அதற்கும் மேலே இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் அதை மாற்றியது. தொழில் நியாய சபை செய்வது நீதி அதிகாரம் இல்லை, ஆகவே ஆணைக்குழு நியமிக்கத் தேவையில்லை என்றார்கள். மூவர் அந்தப் பக்கம், இருவர் மாறான கருத்து. அந்த இருவர் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஒருவரின் வேலை போனது சரியா பிழையா என்று சாட்சியம் கேட்டுத் தீர்ப்பது நீதி வழங்குவது இல்லையென்றால் வேறு எது? 1978 அரசியலமைப்பு இதற்கு வழி செய்தது. நீதித்துறை அலுவலர் என்பதற்கு அது கொடுக்கிற வரைவிலக்கணத்தில் தொழிற் பிணக்குகளைத் தீர்க்கும் நியாய சபையில் தலைமை தாங்குபவரும் வருகிறார். ஆகவே இன்றைக்கு நியமனம், இடமாற்றம், ஒழுக்க நடவடிக்கை எல்லாம் பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் உள்ள நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். அமைச்சருக்கோ தொழில் திணைக்களத்துக்கோ அதில் வேலை இல்லை.

அதே அரசியலமைப்பு, நீதி அதிகாரம் உள்ளவரின் கடமையில் தலையிடுவதைக் குற்றம் என்கிறது. தலையிட முயற்சி செய்வதும் குற்றம். மேல் நீதிமன்றத்தில் விசாரித்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். ஏழு வருடம் வரை வாக்குரிமையும் போகலாம். நீங்கள் ஒரு எம்பியிடம் போய், ஐயா நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால், அவரை இந்தக் குற்றத்தைச் செய்யச் சொல்கிறீர்கள். வென்ற வழக்கை நீங்களே அசிங்கப்படுத்திக்கொள்வீர்கள். கம்பனிக்கு ஆள் இருக்கிறது என்ற பேச்சைப் பெரும்பாலும் தோட்டத்தில் கிளப்பிவிடுவதே சமரசத்துக்கு இழுக்கத்தான். உண்மையாகவே யாராவது தலையிட்டதற்குச் சாட்சி இருந்தால் அதை எழுத்தில் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீர்ப்பு பிழை என்றால் மேன்முறையீடு, நீதிபதியின் நடத்தை பிழை என்றால் ஆணைக்குழு. ஆணைக்குழுவால் தீர்ப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் இருப்பதாலேயே நிலத்திலும் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாகச் சொல்லிப் பதவியை விட்டு நாட்டைவிட்டே போனார். கீழ் நீதிமன்றத்தில் இருப்பவர் எவ்வளவு தனியாக நிற்கிறார் என்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தோம். நம் சமூகத்தின் கதையிலும் இது உண்டு. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களுக்குப் பிறகு கேகாலையில் கோடாக்கன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்க மறுத்தார்கள். முறைப்பாட்டைக் கேட்ட மீளாய்வு அலுவலர் சிவஞானசுந்தரம், அந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்துக்குப் பாகுபாடு காட்டுகின்றன, ஆகவே செல்லாது என்று எழுதினார். நாட்டின் சட்டத்தையே செல்லாது என்று சொல்ல அந்தப் பதவியில் இருந்த ஒருவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1951இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது, 1953இல் பிரிவிக் கவுன்சிலும் அதையே சரி என்றது. கீழே கிடைத்த நியாயம் சட்டக் கேள்வியில் மேலே பறிபோனது. கலிடோனியன் வழக்கு சொல்கிற விதி நம்மைக் காப்பாற்றுவது உண்மைகள் மட்டில்தான். சட்டத்தின் அர்த்தம் என்ன என்பதில் மேல் நீதிமன்றம் கீழே உள்ளவருக்கு எந்த விட்டுக்கொடுப்பும் செய்யத் தேவையில்லை.

லயத்துக்கு வருகிறேன். வழக்கு மேன்முறையீட்டில் இருக்கும்போது வேலை முடிந்துவிட்டது என்றே சொல்ல முடியாது. ஆகவே துரையின் வாய்ப்பேச்சுக்கு வெளியேற வேண்டாம். ஆனால் எழுத்தில் வெளியேற்ற அறிவித்தல் வந்தால் அன்றைக்கே சட்டத்தரணியிடம் ஓடுங்கள். தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரச காணிகள், கம்பனிகளுக்குக் குத்தகையில் உள்ளவை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், செல்லுபடியான அனுமதி இருக்கிறதா என்பதைத் தவிர நீதவான் பெரிதாக எதையும் கேட்க முடியாது, அவருடைய வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை. மீளாய்வு மனு மட்டும் போடலாம். அது உரிமையாகக் கிடைப்பதில்லை, நீதிமன்றம் விரும்பினால் கேட்கும்.

அறிவித்தலையே எழுத்தாணையால் (ரிட்) தடுக்கலாமா என்பதற்கு ஸ்டஃபோர்ட் தோட்ட வழக்கு இருக்கிறது. தோட்ட அதிகாரி கொடுத்த அறிவித்தலை எதிர்த்து ஒருவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்றது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது என்றது, 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் இல்லை என்று முடித்தது. அரச காணி பற்றிய எழுத்தாணைக்குக் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு தோட்டத்துத் துண்டுக் காணிச் சண்டை நாடு முழுவதற்குமான அதிகாரப் பகிர்வுத் தீர்ப்பாக ஆனது. அதே ஆண்டு ஜனவரியில்தான் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத்தால் நீக்கப்பட்டு, வேறொருவர் அந்த இடத்துக்கு வந்தார். ஸ்டஃபோர்ட் வழக்கைக் கேட்ட ஆயத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்படிப் புதிதாக வந்தவர். 2015 ஜனவரியில் அவருடைய நியமனமே செல்லாது என்றானது. மூன்று நீதியரசரும் ஒரே முடிவைத்தான் எழுதினார்கள், தீர்ப்பும் நிற்கிறது. இருந்தாலும் மேலே நடக்கிற ஆட்டம் கீழே ஒரு லயத்துக் கதவுவரை வருகிறது என்று அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மீதியிருக்கிற கேள்வி, அங்கே தோற்றால் முடிந்ததா என்பது. அதற்குச் சுருக்கமான பதில். மேல் நீதிமன்றத்தில் தோற்றால் நேரே உயர் நீதிமன்றம். முதலில் அனுமதி வாங்க வேண்டும், பெரிய சட்டக் கேள்வி இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். செலவும் வருடங்களும் ஆகும். இப்போதே அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சபையின் ஏட்டுக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு எழுதிக் கொடுங்கள். கையில் கிடைத்ததும், சிங்களம் நன்றாக வாசிக்கிற, தோட்டத்துத் தமிழும் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அம்மாவின் சாட்சியத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு பெண்களையும் கூப்பிடுங்கள். 'நான் அப்படிச் சொல்லலையே' என்று யாராவது சொல்கிற இடத்தில் நிறுத்தி, பக்க எண்ணையும் உண்மையாகச் சொன்ன வார்த்தையையும் எழுதி வைத்துத் திங்கட்கிழமையே சட்டத்தரணியிடம் கொடுங்கள். வாதம் நடக்கிற நாளில் எழுந்து சொன்னால் எடுபடாது.